22-சி கட்டத்தில் ஒரு சொல்: விடுவிப்புச் சான்றைத் திருத்திய ஒரு நிகழ்வு

பெரியவரின் அமெரிக்க இராணுவ விடுவிப்புச் சான்றில் 22-சி என்று ஒரு கட்டம் இருந்தது. வெளிநாட்டிலோ கடலிலோ எவ்வளவு காலம் சேவை செய்தார் என்பதை வருடம், மாதம், நாள் கணக்கில் எழுத வேண்டிய இடம். அங்கே தட்டச்சு செய்திருந்தது ஒரே ஒரு சொல்: 'இல்லை'.

அவரோ 1968 நவம்பரிலிருந்து அடுத்த நவம்பர் வரை வியட்நாமில் இராணுவ லாரி ஓட்டியவர். குயி நோன் துறைமுகத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு, 19ஆம் எண் சாலையில் ஆன் கே கணவாய் ஏறி, பிளெய்க்கு என்ற ஊருக்குப் போய் இறக்கிவிட்டுத் திரும்புவார். அந்தச் செம்மண் புழுதி இன்னும் காதுக்குள் இருப்பதாகச் சொல்வார்.

ஓஹையோவில் நான் இருக்கும் ஊரின் பொது நூலகத்தில் சனிக்கிழமைகளில் முதியவர்களுக்கு ஸ்கேனர், மின்னஞ்சல், படிவம் என்று சின்னச் சின்ன உதவிகள் செய்வேன். அப்படி வந்தவர்தான் இவர். பெயரையும் படைப்பிரிவையும் சொல்லப்போவதில்லை. அவருடைய தாள்கள் எப்படிப் பேசின என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அமெரிக்கப் படையிலிருந்து வெளியே வரும் எவருக்கும் கடைசியில் கையில் கிடைப்பது டிடி-214 என்ற படிவம். 1950இலிருந்து இதுதான் வழக்கம். மருத்துவமனை, ஊனத் தொகை, வீட்டுக் கடன், கடைசியில் சவப்பெட்டி மேல் போர்த்தும் கொடி வரை எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது இதைத்தான். அதனால் ஜனங்களுக்கு இதன்மேல் ஒரு பயபக்தி. இதில் இருந்தால் நடந்தது, இல்லாவிட்டால் நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரியவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். 2003இல் வெளிநாட்டுப் போரில் இருந்தவர்களுக்கான சங்கம் ஒன்றில் சேரப் போனபோது, போர்ப் பதக்கம் எதுவும் சான்றில் இல்லையே என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தாளை மடித்து பிஸ்கட் டின்னில் போட்டவர், அப்புறம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சர்க்கரை நோய் வந்தது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அப்போதும் கேட்கவில்லை.

தப்பு எப்படி நேர்ந்திருக்கும்? அவர் கட்டாய ஆள்சேர்ப்பில் 1968 மார்ச் 20 அன்று படைக்குள் போனவர். இரண்டு வருடக் கணக்கு. அந்தக் காலத்தில் ஒரு சலுகை இருந்தது. வியட்நாமிலிருந்து திரும்பும்போது சேவையில் 150 நாளோ அதற்குக் குறைவாகவோ மீதம் இருந்தால், இன்னொரு முகாமுக்கு அனுப்பாமல் அங்கேயே விடுவித்துவிடுவார்கள். இவருக்கு நாலு மாதம் சொச்சம்தான் மீதம். விமானம் மேற்குக் கரையில் இறங்கியது. ஒரு முகாமில் மருத்துவப் பரிசோதனை, புதுச் சீருடை, சம்பள பாக்கி, பயணக் காசு என்று வரிசை வரிசையாக நின்று, 1969 நவம்பர் 8 அன்று வெளியே வந்துவிட்டார். அன்று எத்தனை பேருக்கு அந்த எழுத்தர் தட்டச்சு செய்தாரோ, யாருக்குத் தெரியும்? "எங்க கையெழுத்துன்னு மட்டும்தான் பார்த்தேன், வெளியே பஸ் நின்னுட்டு இருந்தது" என்றார் பெரியவர்.

அந்தத் தாளை உற்றுப் பார்த்தால் ஒரு தடயம் கிடைக்கும். கடைசியாக வேலை செய்த பிரிவு என்ற கட்டத்தில் வியட்நாம் லாரிக் கம்பெனியின் பெயர் இல்லை, விடுவித்த முகாமின் பெயரே இருந்தது. பதக்கங்களுக்கான 24ஆம் கட்டத்தில், அந்தச் சமயத்தில் படையில் இருந்த கிட்டத்தட்ட எல்லோருக்கும் கிடைத்த தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம் மட்டும். ஆக, தட்டச்சு செய்தவர் இவரை உள்நாட்டிலேயே இருந்தவராக எடுத்துக்கொண்டு மூன்று கட்டங்களையும் ஒரே மாதிரி நிரப்பியிருக்கிறார். இது என் ஊகம்தான். ஆனால் மூன்று கட்டமும் ஒரே திசையில் பிசகியிருந்தது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. ஒரே காரணம், ஒரே தவறு என்று எடுத்துச் சொல்ல முடிந்தது.

சரி, மூல ஆவணம் எங்கே? பெரியவர் உடனே கையை விரித்தார். "எல்லாம் எரிஞ்சு போச்சே, தெரியாதா?"

1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் பக்கத்தில் இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் வரையிலான கோப்புகள் போயின. நகல் எடுத்து வைத்திருக்கவில்லை, நுண்படச் சுருளும் இல்லை. இதெல்லாம் உண்மை. ஆனால் எது எரிந்தது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தரைப்படையில் 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம். விமானப்படையில் 1947 செப்டம்பர் 25 முதல் 1964 ஜனவரி 1 வரை விடுவிக்கப்பட்டவர்களில், அகரவரிசையில் ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பிறகு வருபவர்களுடைய கோப்புகளில் சுமார் 75 சதவீதம். 1969இல் தரைப்படையை விட்டு வந்தவருக்கும் அந்தத் தீக்கும் சம்பந்தமே இல்லை! அரை நூற்றாண்டாக, எரியாத கோப்பு எரிந்துவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தார் மனிதர். இவர் ஒருவர் மட்டுமல்ல, நூலகத்தில் என்னிடம் வந்த வேறு சிலரும் இதையே சொல்லியிருக்கிறார்கள்.

முதல் வேலையாக அவரைக் கவுண்டி, அதாவது மாவட்ட அளவிலான, படைவீரர் சேவை அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். ஓஹையோவில் 88 கவுண்டிகளிலும் இது உண்டு, ஒரு காசு கொடுக்க வேண்டாம். அங்கிருந்த அம்மா ஆவணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஒரு படிவத்தை எடுத்துப் போட்டு, இன்றே கையெழுத்துப் போடுங்கள் என்றார். நலக் கோரிக்கை தாக்கல் செய்யப்போகிறேன் என்று முன்கூட்டியே தெரிவிக்கும் படிவம் அது. அதைக் கொடுத்துவிட்டால் முழு விண்ணப்பம் சேர்க்க ஒரு வருட அவகாசம் உண்டு. தொகை கிடைக்கும்போது அந்த முதல் தேதியிலிருந்தே கணக்கு வைப்பார்கள். ஆவணம் வரட்டும் என்று சும்மா இருந்திருந்தால் அத்தனை மாதத் தொகையும் போயிருக்கும். எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. நான் பாட்டுக்குத் திருத்தம், திருத்தம் என்று அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன்.

பிறகு எஸ்எஃப்-180 படிவத்தில் ஆவண மையத்துக்கு எழுதினோம். டிடி-214இன் நகலை மட்டும் கேட்டால் அதையே திருப்பி அனுப்புவார்கள். நமக்கு வேண்டியது முழுப் பணியாளர் கோப்பு. அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். 2021 இலையுதிர் காலம் அது. கோவிட் சமயத்தில் மையம் மூடிக் கிடந்ததில் 5 லட்சத்துக்கும் மேல் கோரிக்கைகள் தேங்கியிருந்தன. எங்கள் உறை 2022 வசந்தத்தில்தான் வந்தது.

அந்த உறையில் வந்த டிஏ-20 என்ற தகுதிப் பதிவேட்டின் நகலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நிகழ்வின் முதுகெலும்பே அதுதான். அன்றைய தரைப்படையில் ஒவ்வொரு சிப்பாயின் கூடவே பயணப்பட்ட கெட்டி அட்டை அது. எந்தப் பிரிவுக்குப் போனாலும் அங்கிருக்கும் எழுத்தர் ஒரு வரி சேர்ப்பார், அதனால் ஒரே பக்கத்தில் நாலைந்து விதக் கையெழுத்தும் தட்டச்சும் இருக்கும். 31ஆம் கட்டம் வெளிநாட்டுச் சேவை. அதில் வியட்நாம், 1968 நவம்பர் 14 முதல் 1969 நவம்பர் 6 வரை என்று சுத்தமாகப் பதிந்திருந்தது. 38ஆம் கட்டம் பணியிடங்களின் வரிசை. கனரக வாகன ஓட்டுநர், அதற்கான பணிக் குறியீடு 64பி, லாரிக் கம்பெனியின் எண், ஒவ்வொரு காலத்துக்கும் நடத்தைக்கும் திறமைக்கும் தனித்தனி மதிப்பீடு. கடைசி வரி விடுவிப்பு முகாம்.

பெரியவர் அந்த 31ஆம் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "அப்ப அவங்ககிட்ட இருந்திருக்கு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

டிடி-214 என்பது இந்த அட்டையையும் மற்ற தாள்களையும் பார்த்துக் கடைசி நாளில் எழுதிய சுருக்கம்தான். சுருக்கத்தில் பிசகு இருந்தால் எதிலிருந்து சுருக்கினார்களோ அதைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். நான் போனேன், பார்த்தேன், புழுதி தின்றேன் என்று எழுதினால் அது அவர் சொல். அட்டை என்பது படையே எழுதியது. இந்த வித்தியாசம் புரியாமல்தான் பலர் பக்கம் பக்கமாகக் கதை எழுதி அனுப்புகிறார்கள்.

அட்டையோடு இன்னும் மூன்று சான்று சேர்த்தோம். ஒன்று, வியட்நாமுக்குப் போகச் சொன்ன பயண உத்தரவு, பல பேர் பெயர் வரிசையாக இருக்கும் தாள், கோப்பிலேயே இருந்தது. இரண்டாவது, அவர் வைத்திருந்த சம்பளச் சீட்டு. போர்முனைப் படியாக மாதம் 65 டாலர் அதில் தெரிந்தது. மூன்றாவது, அம்மாவுக்கு அவர் எழுதிய கடிதங்களின் உறைகள். வியட்நாமிலிருந்து எழுதிய சிப்பாய்க்குத் தபால்தலை தேவையில்லை, தலை ஒட்டும் மூலையில் 'இலவசம்' என்று கையால் எழுதினால் போதும். அனுப்புநர் முகவரியில் சான் பிரான்சிஸ்கோ இராணுவ அஞ்சல் எண், மேலே தேதி முத்திரை. இவையும் பிஸ்கட் டின்னில்தான் இருந்தன. அவர் முதலில் காட்டியதென்னவோ லாரி முன்னால் சட்டையில்லாமல் நிற்கும் போட்டோ. நல்ல போட்டோதான். ஆனால் எந்த ஊர், எந்த நாள் என்று அது சொல்லாது. சேர்க்கவில்லை, அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

இந்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. பலரும் குழம்புவது இங்கேதான். நலத்தொகை தருவது படைவீரர் நலத்துறை. சான்றைத் திருத்துவது அந்தந்தப் படை. முதலாவதுக்கு இரண்டாவது முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரையான காலத்தில் வியட்நாம் மண்ணில் இருந்தவர், அது ஒரு நாளானாலும், ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லிக்கு ஆளானதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதனால் வந்ததாக எடுத்துக்கொள்ளும் நோய்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் அந்தப் பட்டியலில் 2001இலும், இரத்தக்குழாய் அடைப்பால் வரும் இதயநோய் 2010இலும் சேர்ந்தன. 2022 ஆகஸ்ட் 10இல் கையெழுத்தான பேக்ட் சட்டம் உயர் இரத்த அழுத்தத்தையும் சேர்த்தது. வியட்நாமில் இருந்ததற்கு டிஏ-20 போதும், நோய்க்கு மருத்துவர் ஆவணம் போதும். அதனால் கவுண்டி அலுவலகத்து அம்மா அட்டையின் நகலோடு கோரிக்கையைத் தனியாக அனுப்பிவிட்டார். அது திருத்தத்துக்கு ரொம்ப முன்பே ஏற்கப்பட்டது.

ஆனால் தொகை 2021இலிருந்துதான். முன்பே ஒரு தடவை கேட்டு, படை ஆவணம் கோப்பில் இல்லாமல் மறுக்கப்பட்டிருந்தால், அந்த ஆவணம் பின்னால் கிடைக்கும்போது பழைய கோரிக்கையின் தேதி வரை பின்னோக்கிப் போக விதிகளில் இடம் உண்டு. இவர்தான் கேட்கவே இல்லையே. 2003இல் ஒரு சங்கத்து வாசலில் கேட்ட பதிலை அரசாங்கத்தின் பதிலாக எடுத்துக்கொண்டதற்கு அவர் கொடுத்த விலை அது.

"காசுதான் வந்துடுச்சே, இனி எதுக்கு இது?" என்று அவர் மகள் கேட்டார். பெரியவர் விடுவதாக இல்லை. இனித்தான் திருத்த விண்ணப்பம், டிடி-149.

முதல் வரைவை அவரே நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். கணவாயில் நடந்த தாக்குதல், முன்னால் போன லாரி எரிந்தது, பக்கத்தில் இருந்தவர் என்ன ஆனார் என்பதெல்லாம். படித்துவிட்டு எனக்கே பேச்சு வரவில்லை. ஆனாலும் அதை எடுத்து வைத்துவிட்டு, ஒரே பக்கத்தில் இப்படி எழுதினோம்: 22-சியில் 'இல்லை' என்பதை நீக்கவும், 0 வருடம் 11 மாதம் 23 நாள் என்று சேர்க்கவும், ஆதாரம் இணைப்பு 1, கட்டம் 31. வியட்நாம் சேவைப் பதக்கத்துக்கு இன்னொரு வரி. அவ்வளவுதான்.

அந்த 23 நாளில் ஒரு வேடிக்கை. காலண்டரை வைத்து எண்ணினால் எனக்கு 24 வந்தது. இராணுவம் எல்லா மாதத்தையும் 30 நாளாக வைத்து ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்து, கடைசியில் ஒன்று கூட்டும். அப்படிப் பார்த்தால் 23. அவர்கள் கணக்குப்படியே கேட்டுவிட்டால் அதில் ஒரு கேள்வி குறையும். பதக்கத்தின் நாடாவில் குத்தும் சிறு வெண்கல நட்சத்திரங்களுக்கும் இதே மாதிரி தேதி பார்க்க வேண்டும். வியட்நாம் போரை இராணுவம் 17 கட்டங்களாகப் பிரித்திருக்கிறது, இருந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நட்சத்திரம். பெரியவர் மூன்று என்றே நினைத்திருந்தார். அவர் போய் இறங்கியபோது ஆறாவது எதிர்த்தாக்குதல் கட்டம், அது 1969 பிப்ரவரி 22 வரை. அடுத்து டெட் 69, ஜூன் 8 வரை. பிறகு கோடை-இலையுதிர் கட்டம், அக்டோபர் 31 வரை. குளிர்-வசந்தக் கட்டம் நவம்பர் 1 அன்று தொடங்கிவிட்டது, இவர் கிளம்பியது 6ஆம் தேதி. ஆறே நாளில் நாலாவது நட்சத்திரம். "அந்த ஆறு நாளும் கொசுவலைக்குள்ள படுத்துக் கிடந்தேன்" என்று சிரித்தார்.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். கணவாய்த் தாக்குதலில் கண்ணாடிச் சில்லு முகத்தில் கிழித்தது, அதற்கும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் கேட்கலாமா என்றார் அவர். கேட்டால் என்ன என்று அதே விண்ணப்பத்தில் சேர்த்துவிட்டேன். 22-சி போல ஆவணத்திலேயே பளிச்சென்று தெரியும் பிழையை, இந்த விண்ணப்பங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் வாரியம் உட்கார்ந்து விவாதிக்காமல் அலுவலக மட்டத்திலேயே திருத்திவிட முடியும். உண்மையில் முதலில் அங்கேதான் கேட்க வேண்டும். காயப் பதக்கம் அப்படியல்ல. எதிரியால் ஏற்பட்ட காயம், மருத்துவப் பணியாளர் சிகிச்சை தந்தது, அது பதிவானது ஆகிய மூன்றுக்கும் ஆதாரம் வேண்டும். இதைச் சேர்த்ததால் சுலபமான பகுதியும் அந்தக் கனமான பகுதியோடு சேர்ந்து வரிசையில் நின்றது. தனித்தனியாக அனுப்பியிருக்க வேண்டும்.

தரைப்படையின் பதிவுத் திருத்த வாரியத்தில் தீர்ப்புச் சொல்பவர்கள் சீருடை அணியாத குடிமக்கள், குறைந்தது மூன்று பேர். பிழை தெரிந்த மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் நியாயம் கருதி அதைத் தள்ளிவைக்கும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. இவருக்கு 2003இலேயே தெரியும். தாமதத்துக்கான காரணத்தை மறைக்காமல் எழுதினோம்: கோப்பு எரிந்துவிட்டதாக நினைத்தேன். இன்னொன்று, வாரியம் உங்களை நம்பித் தொடங்காது. படை தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கும் என்ற அனுமானத்திலிருந்து தொடங்கும், இல்லை என்று காட்ட வேண்டியது விண்ணப்பதாரர். பெரும்பாலான வழக்குகளைப் பத்து மாதத்திலும், எதுவானாலும் பதினெட்டு மாதத்திலும் முடிக்க வேண்டும் என்பது விதி. எங்களுக்குப் பதின்மூன்று மாதம்.

தீர்ப்பு பாதிக்கு மேல் சாதகம். 22-சி திருத்தப்பட்டது. வியட்நாம் சேவைப் பதக்கம் நாலு நட்சத்திரத்தோடு. வியட்நாம் குடியரசின் போர்ப் பதக்கமும், அந்த நாட்டின் வீரச் சிலுவைக்கான பிரிவுப் பாராட்டும் நாங்கள் கேட்காமலே சேர்ந்தன. இந்தப் பிரிவுப் பாராட்டு 1974ஆம் ஆண்டின் 8ஆம் எண் பொது உத்தரவுப்படி அங்கே இருந்த அமெரிக்கத் தரைப்படைத் தலைமையின் கீழிருந்த எல்லாப் பிரிவுகளுக்கும் பொது. இன்னொன்றும் வந்தது: 38ஆம் கட்டத்து மதிப்பீடுகளைப் பார்த்து, நன்னடத்தைப் பதக்கத்துக்கும் தகுதி இருக்கிறது என்றார்கள். அதைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பர்ப்பிள் ஹார்ட் மறுக்கப்பட்டது. டிஏ-20இல் காயங்களுக்கான 40ஆம் கட்டம் காலி. வியட்நாம் காயம்பட்டோர் பட்டியலில் பெயர் இல்லை. மருத்துவக் கோப்பில் அந்த நாளுக்கு ஒரு குறிப்பும் இல்லை. புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபடி கேட்கலாம் என்று கடைசியில் எழுதியிருந்தது. கன்னத்துத் தழும்பைத் தடவிக்கொண்டே, "பேண்டேஜ் ஒட்டுனவன் பேரே எனக்குத் தெரியாது" என்றார். நான் காலைக் குறிப்பேடுகளைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு கம்பெனியும் யார் இருந்தார், யார் மருத்துவமனைக்குப் போனார் என்று தினமும் எழுதியது அது. தலையாட்டினார். அவர் மருத்துவமனைக்கே போகவில்லை, அன்று சாயங்காலமே மறுபடி வண்டி எடுத்தார் என்பது இருவருக்கும் தெரியும்.

திருத்தம் வந்தது டிடி-215 என்ற ஒரு தாளாக. இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. பழைய சான்றை அடித்து எழுதமாட்டார்கள், பொதுவாகப் புதிதாக அச்சடித்தும் தரமாட்டார்கள். எந்தக் கட்டத்தில் எதை நீக்கி எதைச் சேர்ப்பது என்று சொல்லும் தனித் தாள் அது. இரண்டையும் சேர்த்துக் காட்டினால்தான் அர்த்தம், ஒன்று தொலைந்தால் மற்றது அரைகுறை. அதனால் கவுண்டிப் பதிவாளரிடம் போய் இரண்டையும் பதிவு செய்து வைக்கலாம் என்றேன்.

கவுன்ட்டரில் இருந்த பெண் இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்துவிட்டு, எதை முதல் பக்கமாக வைப்பது என்று கேட்டார். 215 மேலே, என்றார் பெரியவர்.